பட்டியலில் விடுபட்ட ஓர் எண்: 293318625600

எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். காவிரிப் படுகையின் ஊர்களில் திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்த காலத்தில் எண்சுவடி ஓதிய பிள்ளைகள், நெல் அளக்கும் இந்த வாய்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். குறுணிக்கு மரக்கால் என்ற பெயரும் உண்டு. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்ற பேச்சு அறுவடைக் களங்களில் இன்றும் முற்றிலும் மறையவில்லை. ஒரு கலத்துக்கு எத்தனை நாழி என்று கேட்டால், 8 × 2 × 2 × 3 என்று பெருக்கி 96 என்று சொல்லிவிடலாம். விடையைவிட அந்தப் பெருக்கலே நமக்கு முக்கியம், ஏனென்றால் 96 என்ற எண் எந்தெந்தச் சிறு எண்களால் கட்டப்பட்டிருக்கிறது என்பதை வாய்பாடே பிரித்துக் காட்டிவிடுகிறது.

இந்தப் பிரிப்பை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். எட்டு என்பது 2 × 2 × 2. ஆகவே 96 என்பது ஐந்து இரண்டுகளும் ஒரு மூன்றும் சேர்ந்த பெருக்கம், சுருக்கமாக 2⁵ × 3. இதற்கு மேல் உடைக்க முடியாது, ஏனெனில் இரண்டும் மூன்றும் பகா எண்கள். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாதவை. 96 என்ற எண்ணை நாம் 6 × 16 என்று தொடங்கி உடைத்தாலும், 4 × 24 என்று தொடங்கி உடைத்தாலும், கடைசியில் கையில் நிற்பவை அதே ஐந்து இரண்டுகளும் ஒரு மூன்றுமே. எவ்வளவு பெரிய முழு எண்ணாக இருந்தாலும் அதற்குப் பகா எண்களால் ஆன பிரிப்பு ஒன்றே ஒன்றுதான் உண்டு என்ற இந்த உண்மையை எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்று சொல்வார்கள். ஓர் எண்ணின் இயல்பைத் தெரிந்துகொள்ள அதில் எத்தனை இலக்கங்கள் இருக்கின்றன என்று பார்ப்பதைவிட, அதன் பகாக் காரணிகள் எவை, ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்று பார்ப்பதே பயன் தரும் என்பது இதனால்தான்.

பிரிப்பு தெரிந்துவிட்டால் காரணிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை, எண்ணியே சொல்லிவிடலாம். 96 என்ற எண்ணின் ஒரு காரணியை உருவாக்க, இரண்டுகளில் ஒன்றும் எடுக்காமலோ, ஐந்துவரை எத்தனை வேண்டுமானாலும் எடுத்தோ தொடங்கலாம். அதற்கு ஆறு வழிகள். மூன்றை எடுக்கலாம், விடலாம். அதற்கு இரண்டு வழிகள். ஆக 6 × 2 = 12 காரணிகள்: 1, 2, 3, 4, 6, 8, 12, 16, 24, 32, 48, 96. ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி, கிடைத்தவற்றைப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை வந்துவிடும் என்பதே இங்கே உள்ள விதி. கட்டுரையின் பிற்பகுதியில் பன்னிரண்டு இலக்க எண் ஒன்றுக்கும் இதே விதியைத்தான் பயன்படுத்தப் போகிறோம்.

பன்னிரண்டு காரணிகள் என்பது நூற்றுக்குட்பட்ட எண்களில் உச்ச அளவு. ஆனால் அந்த உச்சத்தை 96 மட்டும் எட்டவில்லை; 60, 72, 84, 90 ஆகியவற்றுக்கும் பன்னிரண்டு காரணிகளே. இவற்றுள் மிகச் சிறியது 60. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்ட எண்ணை இங்கே மிகுபகு எண் என்று அழைப்போம். அந்தக் கணக்கில் 60 மிகுபகு எண், 96 அல்ல. 96 செய்வதை 60 ஏற்கெனவே செய்துவிட்டது. இரண்டில் தொடங்கி வரிசையாக எழுதினால் 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று மிகுபகு எண்கள் நீளும். இந்த வரிசையைப் பார்த்ததும் நம் ஊர்க்காரர்களுக்குப் பழைய முகங்கள் பல தென்படும்: நாள் ஒன்றுக்கு நாழிகை 60, பிரபவ முதல் அட்சய வரை ஆண்டுகள் 60, ஒரு மண்டலத்துக்கு நாட்கள் 48, கும்பகோணத்து மகாமகத்துக்கு இடைவெளி 12 ஆண்டுகள். இவை எல்லாவற்றுக்கும் காரணம் காரணிகளே என்று நான் வாதிட வரவில்லை. வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 12 ஆண்டுகள் எடுத்துக்கொள்வதற்கும் வகுபடுதன்மைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

மிகுபகு எண்களுக்கு முடிவு உண்டா என்ற கேள்விக்கு விடை எளிது. எந்த எண்ணை இரட்டித்தாலும் அதன் காரணிகள் கூடுமே தவிரக் குறையாது, ஏனென்றால் இரண்டின் அடுக்கு ஒன்று ஏறுகிறது. எனவே ஒரு மிகுபகு எண்ணுக்கும் அதன் இருமடங்குக்கும் இடையில், அல்லது அந்த இருமடங்கிலேயே, அடுத்த மிகுபகு எண் வந்தே தீரும். வரிசை முடிவற்றது.

இந்த எண்களை முதன்முதலாக விரிவாக ஆராய்ந்தவர் சீனிவாச ராமானுஜன். 1887-இல் தாயின் பிறந்தகமான ஈரோட்டில் பிறந்து, கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்து, அந்த ஊரின் டவுன் உயர்நிலைப் பள்ளியிலும் அரசுக் கல்லூரியிலும் படித்தவர் அவர் என்பதைப் படுகைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1914-இல் இங்கிலாந்துக்குப் போன அவர், மறு ஆண்டே மிகுபகு எண்களைப் பற்றிய நீண்ட கட்டுரையை லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது இந்த ஆய்வுக்காகத்தான். அவர் எழுதியதில் ஒரு பகுதி அப்போது அச்சேறாமல் தங்கி, 1997-இல்தான் வெளிவந்தது. டாக்சி எண் 1729 கதையைத் தெரிந்த அளவுக்கு இந்தக் கட்டுரையைத் தெரிந்தவர்கள் குறைவு என்பது எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை.

கட்டுரையில் அவர் நிறுவிய அடிப்படையான உண்மை ஒன்றை நாமே கண்டுகொள்ளலாம். 12 என்பது 2² × 3. 18 என்பது 2 × 3². அடுக்குகள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவே. இரண்டுக்கும் காரணிகள் ஆறு. ஆனால் பெரிய அடுக்கைச் சிறிய பகா எண்ணிடம் கொடுத்த 12 சிறிய எண்ணாக அமைந்துவிடுகிறது, ஆகவே 18 மிகுபகு எண்ணாகும் வாய்ப்பை இழக்கிறது. எந்த மிகுபகு எண்ணிலும் 2, 3, 5, 7 என்று போகப் போக அடுக்குகள் ஏறாமல் சமமாக நிற்கும் அல்லது இறங்கும் என்பது இதனால் விளங்கும். நடுவில் ஒரு பகா எண்ணைத் தாண்டிச் செல்லவும் முடியாது: 2 × 5 என்று எழுதி 10 பெறுவதைவிட 2 × 3 என்று எழுதி 6 பெறுவது மலிவு, காரணிகளோ இரண்டுக்கும் நான்கு. இவ்வளவும் எளிது. கடைசியாக வரும் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் ஒன்றே, விதிவிலக்கு 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே என்பதை நிறுவத்தான் ராமானுஜனின் திறமை வேண்டியிருந்தது.

கட்டுரையோடு அவர் நூற்றுச் சொச்சம் மிகுபகு எண்களின் பட்டியல் ஒன்றையும் கொடுத்தார். கணினி என்ற பொருளே இல்லாத காலத்தில், காகிதத்தில் கணக்கிட்டு எழுதிய அந்தப் பட்டியல் 6746328388800 என்ற பதின்மூன்று இலக்க எண்ணில் முடிகிறது. அதில் ஒரே ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. அந்த எண் 293318625600. நம் வழக்கப்படி சொன்னால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

இந்த அளவை மனத்தில் நிறுத்திக்கொள்ளப் படுகைக்காரர்களிடம் ஏற்கெனவே ஓர் அளவை இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் மேட்டூர் திறக்குமா என்று செய்தித்தாளைப் புரட்டும் எவருக்கும் டி.எம்.சி. என்ற சொல் பழக்கம். நூறு கோடி கன அடி ஒரு டி.எம்.சி. நம் எண்ணைக் கன அடியாகக் கொண்டால் அது 293 டி.எம்.சி.யைச் சற்றுத் தாண்டும். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; அணையை மூன்று முறை விளிம்புவரை நிரப்பிய பிறகும் ஏறத்தாழ 13 டி.எம்.சி. மிஞ்சும். பெரிய எண்தான், ஆனாலும் நமக்கு அறிமுகமான பெருமையே.

இனி அதைப் பிரிப்போம். எண்ணின் கடைசி ஆறு இலக்கங்கள் 625600. பத்து லட்சம் என்பது 64-ஆல் வகுபடும் எண்ணாதலால், இந்த ஆறு இலக்கங்களை மட்டும் 64-ஆல் வகுத்துப் பார்த்தால் போதும். 9775 என்று மீதியின்றி வருகிறது. முழு எண்ணையும் 64-ஆல் வகுத்தால் 4583103525. இது ஒற்றைப்படை எண், ஆகவே இரண்டுகள் ஆறோடு தீர்ந்தன. இதை 81-ஆல், அதாவது நான்கு மூன்றுகளால், வகுத்தால் 56581525. இதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 37 ஆகையால் இனி மூன்று கிடையாது. 25-ஆல் வகுத்தால் 2263261. அதை 49-ஆல் வகுத்தால் 46189. மிஞ்சிய 46189 என்பது 143 × 323. முன்னது 11 × 13, பின்னது 17 × 19. ஆக முழுப் பிரிப்பு இது:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று ஓரிடத்திலும் ஏறாமல் இறங்குகின்றன. கடைசி அடுக்கு ஒன்று. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. ஐயாயிரத்து நாற்பது காரணிகள். இந்த 5040 என்பதும் ஒரு மிகுபகு எண். அதற்குக் காரணிகள் 60. அந்த 60 பற்றி முன்பே பார்த்தோம்.

ஏழு, பதினொன்று, பதின்மூன்று ஆகிய மூன்றும் இதில் இருப்பதை வேறொரு வழியிலும் காணலாம், அந்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. 7 × 11 × 13 = 1001. ஆயிரம் என்பது 1001-க்கு ஒன்று குறைவு. எனவே 1001-ஆல் வகுத்து மீதி பார்க்கும்போது ஆயிரத்துக்குப் பதில் கழித்தல் ஒன்று என்றும், பத்து லட்சத்துக்குப் பதில் கூட்டல் ஒன்று என்றும், நூறு கோடிக்குப் பதில் மீண்டும் கழித்தல் ஒன்று என்றும் வைத்துக்கொள்ளலாம். செய்ய வேண்டியதெல்லாம், எண்ணை வலப்புறத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, மாறி மாறிக் கூட்டிக் கழிப்பதுதான். லட்சம், கோடி என்று இரண்டிரண்டாகக் காற்புள்ளி இடும் நம் பழக்கம் இங்கே உதவாது, டி.எம்.சி. கணக்குதான் கைகொடுக்கும். 293, 318, 625, 600 என்று நான்கு கூறுகள் கிடைக்கின்றன. கடைசியிலிருந்து தொடங்கினால் 600 − 625 + 318 − 293. விடை பூச்சியம். ஒரே வரியில் மூன்று பகா எண்களும் பிடிபட்டுவிட்டன.

பிரிப்பில் இன்னோர் அழகும் ஒளிந்திருக்கிறது. முதல் நான்கு அடுக்குகளும் இரட்டைப்படை; அவற்றைப் பாதியாக்கினால் 2³ × 3² × 5 × 7 = 2520. ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண் இது. ஆகவே நம் எண்ணை 2520 × 2520 × 46189 என்று எழுதலாம். பின்னால் நிற்கும் 46189 என்பது 11, 13 என்ற இணையும் 17, 19 என்ற இணையும் சேர்ந்தது. இரண்டே இடைவெளியில் அடுத்தடுத்து வரும் இத்தகைய பகா எண்களை இரட்டைப் பகா எண்கள் என்பர். அடுக்குகள் அனைத்தும் இரட்டைப்படையாக இல்லாததால் முழு எண் வர்க்க எண் அல்ல.

இவ்வளவு காரணிகள் இருந்தும், எதனாலும் வகுபடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒன்று முதல் 22 வரை ஒவ்வோர் எண்ணாலும் இது வகுபடும். 23-ஆல் வகுபடாது, ஏனென்றால் 23 பகா எண், பிரிப்பில் அது இல்லை. இதைவிட நுட்பமான தடைகளும் உண்டு. தமிழ்க் கணக்கின் பழைய பின்னமான முந்திரி என்பது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. 320 என்பது 2⁶ × 5, இருக்கிற ஆறு இரண்டுகளும் அதற்குச் சரியாகப் போதும், எனவே எண்ணை 320 சம பங்காகப் பிரிக்கலாம். ஒரு வேலி நிலத்துக்கு 20 மா, ஒரு மாவுக்கு 100 குழி, ஆக வேலிக்கு 2000 குழி; 2000 என்பது 2⁴ × 5³, நம்மிடமோ ஐந்துகள் இரண்டுதான், ஆகவே பங்கு பிசகும். ஒரு நாளுக்கு 86,400 வினாடி; அது 2⁷ × 3³ × 5², ஒரே ஒரு இரண்டு குறைகிறது. அந்த ஒரு குறையால்தான், அந்த 293 டி.எம்.சி. நீரை வினாடிக்கு ஒரு கன அடி வீதம் திறந்துவிட்டால் அது தீர எத்தனை நாளாகும் என்ற கணக்குக்கு 33,94,891 முழு நாட்களும் மிகச் சரியாக அரை நாளும் என்று விடை வருகிறது. மூன்று வினாக்களுக்கும் நீண்ட வகுத்தல் எதுவும் போடாமல், அடுக்குகளை ஒப்பிட்டே வகுபடுமா படாதா என்று சொல்லிவிட முடிந்தது.

காரணிகள் எல்லாவற்றையும் கூட்டினால், கிடைக்கும் தொகை எண்ணைப் போல ஐந்தரை மடங்குக்கும் மேல் வரும். தன்னை விடுத்து மற்றக் காரணிகளின் கூட்டுத்தொகை தன்னைவிட மிகுமானால் அது மிகை எண். இது தாராளமாகவே மிகை எண்.

விடுபட்ட எண் தன் வரிசையில் எங்கே நிற்கிறது என்று பார்க்கும்போதுதான் கதை சுவைக்கிறது. அதற்கு முந்தைய மிகுபகு எண் 240940299600, காரணிகள் 4800. அடுத்தது 321253732800, காரணிகள் 5376. இந்த இரண்டு அண்டை எண்களிலும் 23 என்ற பகா எண் நுழைந்துவிட்டது. நடுவில் நிற்கும் நம் எண்ணில் அது இல்லை, அதற்கு ஈடாக இரண்டாவது ஏழு இருக்கிறது. முந்தைய எண் எப்படி அமைந்தது என்றால், நம் எண்ணிலிருந்து இரண்டு இரண்டுகளையும் ஒரு ஏழையும், அதாவது 28-ஐ, எடுத்துவிட்டு 23-ஐ வைத்ததால் அமைந்தது. இருபத்தெட்டைக் கொடுத்து இருபத்துமூன்றை வாங்கியதால் எண் சிறுத்தது. காரணிகளின் எண்ணிக்கையிலோ, இரண்டுக்கு உரிய 7 என்ற பெருக்கி 5 ஆயிற்று, ஏழுக்கு உரிய 3 என்பது 2 ஆயிற்று, புதிதாக வந்த 23 எல்லாவற்றையும் இரட்டித்தது. மொத்தத்தில் 5040 என்பது 4800 ஆகக் குறைந்தது. அடுத்த எண்ணில் நடந்த பண்டமாற்று வேறு. ஒரு மூன்றையும் ஒரு ஏழையும், அதாவது 21-ஐ, கொடுத்து 23-ஐ வாங்கினார்கள். எண் சற்றே பெருத்தது, காரணிகள் 5376 ஆக உயர்ந்தன. ஒரு புதிய பகா எண்ணைச் சேர்ப்பதா, இருக்கும் சிறிய பகா எண்களின் அடுக்கை உயர்த்துவதா என்ற இந்த இழுபறிதான் மிகுபகு எண்களின் வாழ்க்கை முழுவதும். பகா எண்கள் ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை ஆதலால், இழுபறியில் எந்தப் பக்கம் எப்போது வெல்லும் என்பதற்கு நேரான ஒரு சூத்திரம் இல்லை. அடுத்தடுத்த எண்களை ஒப்பிட்டு நிறுத்துப் பார்த்துத்தான் பட்டியலிட வேண்டும். அத்தனை நிறுத்தல்களுக்கு நடுவே ஒன்று மட்டும் நழுவியது என்பதைப் பிழை என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. மற்ற நூற்றுச் சொச்சமும் சரியாக அமைந்ததே வியப்பு.

இன்னும் ஒரு பெருக்கலை வாசகர்கள் தாமே போட்டுப் பார்க்கலாம். விடுபட்ட எண்ணில் இல்லாத அந்த 23-ஐ, எதையும் விட்டுக்கொடுக்காமல், அப்படியே கொண்டுவந்து சேர்ப்போம். புதிய பகா எண் ஒன்று வந்ததால் காரணிகள் இரட்டித்து 10080 ஆகும். 293318625600 × 23 = 6746328388800. ராமானுஜன் தம் பட்டியலின் கடைசி வரியில் எழுதி வைத்த எண் அதுதான்.